பூச்சி தொடாத பழம்

அன்புள்ள குட்டிம்மா,

நேற்று போனில் நீ, "இறால்தான் எனக்கு ஆகலை, உங்க ஆப்பிளையாவது ஒரு பெட்டி அனுப்புங்கப்பா" என்றாய். பெட்டியைக் கட்டி கூரியர் கடைவரை போனேன். "உள்ள என்ன சார்?" என்று கேட்டார்கள். பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

போன மாதம் உனக்கு உதடு வீங்கி மூச்சு முட்டியது இறாலால் இல்லை. என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது உன்னால் பேச முடியவில்லை. நான் முந்திக்கொண்டு, "மத்தியானம் இறால் சாப்பிட்டா" என்றேன். சற்று முன்பு தோலோடு நறுக்கி நானே கொடுத்த ஆப்பிளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் அதையே எழுதினார். நீயும் நம்பினாய்.

பூச்சி தொடாத ரகம் என்று அந்த ஆப்பிளை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பன்னிரண்டு வருஷம் வளர்த்தேன். பூச்சியைத் தடுக்க அந்த மரம் பழத்தோலில் ஒரு புரதத்தைச் சேர்க்கிறது. சிலர் உடம்புக்கு அது ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு அப்படி ஆனதற்கு மறுவாரம், அந்த ரகத்தை விற்க அனுமதி கேட்கும் கூட்டம் இருந்தது. நீ மூச்சுக்குத் திணறும்போது எனக்கு அந்தக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது.

இன்று காலை நிலைய இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அனுமதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். "பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன்.

இதை டாக்டரிடம் காட்டு. அவர் சோதித்துச் சொல்லும்வரை எந்த ஆப்பிளையும் தொடாதே. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால், டாக்டரைப் பார்த்துவிட்டதாக அம்மாவிடமாவது சொல்லிவிடு.

உன் அப்பா