சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

என் மேசையில் ஒரு செத்த ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேசாக மணக்கிறது. நீ இருந்திருந்தால் இதைப் பார்த்து ஒரு வாரம் சிரித்திருப்பாய். பிறகு ஒரு மாதம் என்னைத் திட்டியிருப்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. நம் அச்சகத்தில் கம்ப்யூட்டர் அறை எப்போதும் உன் பொறுப்பு. நிலைக்கதவில் மட்டும் பொட்டு வைத்துவிட்டு, துடைக்கிற துணியோடு யாரையும் உள்ளே விட மாட்டாய். இந்த வருடம் நீ இல்லையே என்று நானே போனேன். நம் டிசைன் அத்தனையும் இருக்கிற சர்வர் பெட்டியில் தூசி அடைந்து கிடந்தது. மனசு கேட்கவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக உருவி, ஈரத்துணியால் துடைத்து, ஆளுக்கொரு பொட்டு வைத்துத் திரும்பச் சொருகினேன். உனக்குச் செய்வதாக நினைத்துத்தான் செய்தேன்.

பெட்டி கத்த ஆரம்பித்தது. டிசைனர் மும்தாஜ் ஓடி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஓடும்போதா உருவுனீக? ஒண்ணுமே இல்ல. எல்லாம் போச்சு" என்றாள். அடுத்த வருடக் காலண்டர் ஆர்டர் முழுவதும் அதில்தான் இருந்தது. கார்த்திகைக்குள் லோடு ஏற்ற வேண்டும். புதிதாக வரைய ஆறு மாதம் ஆகும். இந்த சீசன் போனால் அச்சகத்தை மூட வேண்டியதுதான். பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் திருத்தங்கலில் உன் வீட்டில் நீ வைத்த இரண்டாவது பெட்டி நினைவுக்கு வந்தது. தினமும் சாயங்காலம் இங்கே இருப்பதெல்லாம் இன்டர்நெட் லைன் வழியாகத் தானாகவே அங்கேயும் பதியும். ரெப்ளிகேஷன் என்பாய். அதற்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா?

"ஒரு பெட்டி பத்தாதாலே? டிஸ்க் என்ன வெடிக்கவா போகுது?" என்றேன்.

நாரணாபுரத்துப் பட்டாசுக்காரர் மகன் நீ. விடுவாயா?

"ஏலே, எங்க அய்யா பட்டாசு ஆபீஸ்ல வெடிமருந்து ரூமுக்கும் ரூமுக்கும் எம்புட்டு எடம் விட்டிருக்காக, பாத்தேல்ல? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கணும்லே. ஒன் சொத்து மட்டும் ஒரே ரூம்ல கெடக்கணுமோ?"

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். நீ போன மூன்றாம் மாதம் உன் வீட்டுக்குப் போய், "அந்தப் பெட்டி சும்மா ஓடிக்கிட்டு கெடக்கு, அணைச்சிரு தங்கச்சி" என்று உன் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் காபி போட உள்ளே போய்விட்டாள். அணைத்திருப்பாளோ என்ற பயத்தில், சிவகாசியிலிருந்து திருத்தங்கல் வரை பைக்கில் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொட்டைக்கூடப் பெட்டியில் வைக்காமல் மேலே சுவரில் வைத்திருந்தாள்.

"அணைக்கச் சொன்னேனே தங்கச்சி?"

"சொன்னீக. பச்ச வெளக்கு எரியுதான்னு தெனமும் பாத்துக்கோன்னு அவுக சொல்லிட்டுப் போயிருக்காக. நீங்க சொன்னத நான் கேக்கலண்ணே."

அவள் முன்னாலேயே அழுதேன். வெட்கமாக இல்லை.

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, உன் பெட்டியைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். பூஜை போட்டபின் மறுநாள்வரை எதையும் தொடக் கூடாதே, அதனால் மெஷின்களோடு அதையும் வரிசையில் வைத்தோம். விஜயதசமி காலையில் மும்தாஜ் அதை இணைத்தாள். திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக விழுந்தன. "அண்ணாச்சி, முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் எல்லாமே இருக்கு" என்றாள். அச்சகமே கைதட்டியது. அன்றைக்கே முதல் தாள் ஓடியது. கார்த்திகை பிறக்க நாலு நாள் இருக்கும்போதே கடைசி லோடு ஏறிவிட்டது. ஜெயித்தது நீதான். உன்னிடம் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

இப்போது காரியாபட்டியில் என் அக்கா வீட்டில் மூன்றாவது பெட்டி ஓடுகிறது. அச்சகத்துப் பெட்டிக்குப் புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் ஏற்றியபின், உன் பெட்டியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். தினமும் சாயங்காலம் அச்சகத்தைப் பூட்டுமுன் உன் வீட்டுக்கு போன் போட்டு, "பச்ச எரியுதா தங்கச்சி?" என்று கேட்கிறேன்.

"எரியுதுண்ணே" என்கிறாள். அதைக் கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன்.