விடைக்கோழிகளுக்குச் சிப்பித்தூள்

டெகோரா, அயோவா
ஆகஸ்ட் 4

அன்புள்ள ஆர்லீனுக்கு,

நான் ஏதோ இருக்கிறேன். நீயும் உன் அக்காவும் சுகமா? நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து உன் கோழிகளும் என்னிடம் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பெட்டைகள் எல்லாம் தோல்முட்டை போடுகின்றன. கையில் எடுத்தாலே உடைகிறது. என்ன செய்யட்டும்? உன்னைக் கேட்காமல் பசுக்களை விற்றது தப்புதான் என்று எத்தனை தடவை சொல்வது? எப்போது வருவாய்?

உன் மெர்ல்

துலூத், மினசோட்டா
ஆகஸ்ட் 11

மெர்லுக்கு,

சுண்ணாம்புச் சத்து போதவில்லை. தீவனக் கடையில் சிப்பித்தூள் வாங்கி, பெட்டைகளின் கூண்டில் தனிக் கிண்ணத்தில் வை. தீவனத்தில் கலந்துவிடாதே, எதற்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே கொத்திக்கொள்ளும். ஜூனில் நான் வாங்கிய குஞ்சுகளுக்கு இப்போது வேண்டாம்.

எப்போது வருவாய் என்கிறாய். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முதல் முட்டை இடட்டும், வருகிறேன்.

ஆர்லீன்

டெகோரா
செப்டம்பர் 26

அன்புள்ள ஆர்லீனுக்கு,

பெட்டைகளின் முட்டை இப்போது நன்றாகக் கெட்டிப்பட்டுவிட்டது. மீதியைக் கோபப்படாமல் படி. ஜூனில் நீ வாங்கிய குஞ்சுகள் விடைக்கோழிகளாக வளர்ந்திருந்தன, அவற்றில் நான்கு செத்துப்போய்விட்டன. சுண்ணாம்பு சேர்ந்தால் சீக்கிரம் முட்டையிடும் என்று அவற்றின் தீவனத்திலும் சிப்பித்தூளைத் தினமும் கலந்து போட்டேன். நீ வேண்டாம் என்றதை உன் சிக்கனம் என்றே நினைத்துக்கொண்டேன்.

மாட்டு வைத்தியர் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, "அடப்பாவி மெர்ல், சிறுநீரகம் பூரா சுண்ணாம்பா இருக்கு. முட்டை போடாத கோழிக்கு இதை யாராச்சும் போடுவாங்களா? உனக்கு அப்படி என்னய்யா அவசரம்?" என்று கத்தினார். என்ன அவசரம் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்குத் தெரியும்.

இரண்டு மிச்சம் இருக்கின்றன. அவை இட்டாலும் நீ வருவாய்தானே?

உன் மெர்ல்

துலூத்
அக்டோபர் 3

அன்புள்ள மெர்ல்,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அக்காவிடம் காட்டவில்லை. உன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குஞ்சுகள் முட்டையிட நாளாகும், அதற்குள் தனியாக இருக்க உனக்குப் பழகிவிடும் என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன். நீ அவற்றை அவசரப்படுத்துவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாவம், அந்த நான்கும். இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

மிச்சமுள்ள இரண்டுக்கும் சிப்பித்தூளை நிறுத்து. தண்ணீர் நிறைய வை. இரண்டும் பிழைத்து முட்டையிட்டால் எனக்கு எழுதாதே, மெர்ல். நீயே பொரித்துச் சாப்பிடு.

ஆர்லீன்