தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

துக்குச்சே,
ஆப்பிள் பறித்து முடிந்த வாரம்

என் கடைக்குட்டி லலித்மானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், கோவேறு கழுதைகள் இரண்டும் நலம். நீ வரைந்து அனுப்பிய ஜன்னலைத் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் ஜப்பானில் காய்ச்சல் இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்க வேண்டும். உன் அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அதற்காகத்தான் இந்தக் காகிதமே.

போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவைப் பிடித்தாள், மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்குக் கும்பிடு போட்டவளாயிற்றே என்று நீ சிரிப்பாய். போனில் என்னை எங்கே பேச விடுகிறார் உன் அப்பா. மணி அடித்ததும் பாய்ந்து எடுக்கிறார், ஊருக்கே கேட்கும்படி சத்தமாக வைக்கிறார், "எல்லாம் நல்லா இருக்குடா, உன் ஜன்னல் பிரமாதம், வர்றவங்க எல்லாம் போட்டோ எடுக்குறாங்க" என்று சொல்லி முடித்துவிட்டு என் கையில் கொடுக்கும்போது கண்ணை உருட்டுகிறார். புரை எடுத்த கண்ணை உருட்டக் கூடாது என்று போக்ராவில் டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆகையால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு பசந்தியின் மகள் நிர்மலா உன் ஊர்ப் பக்கம் வேலைக்கு வருகிறாள், அவள் பெட்டியில் ஆப்பிள் வற்றலுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். வற்றலை அறைக்காரர்களுக்கும் கொடு, தனியாகத் தின்று தீர்க்காதே, உன் வயிறு எனக்குத் தெரியும்.

இப்போது ஜன்னல் கதை. இப்போது யாத்திரைக்காரர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுக்கிறோமே, இந்தப் பழைய வீட்டை உன் கொள்ளுத்தாத்தா கட்டினார். வடக்கே இருந்து உப்பு மூட்டை வரும், தெற்கே இருந்து நெல்லும் பார்லியும் வரும், இரண்டும் நம் முற்றத்தில் கைமாறும். அத்தனை பெரிய வீட்டில் தெற்குச் சுவரில் மட்டும் எலி நுழைய ஓட்டை கிடையாது. ஏன் என்று அவரை யாரும் கேட்கவில்லை, இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த கழுதைக்குக்கூட அது தெரியும். வெயில் ஏற ஏற ஆற்றுப் படுகையோடு கீழிருந்து காற்று கிளம்பும், மணலை அள்ளி மூஞ்சியில் அடிக்கும், பொழுது சாயும்வரை யாரும் தெற்கே முகம் காட்ட மாட்டோம். நீயோ அங்கே இருந்துகொண்டு, சாப்பாட்டு அறையில் தெற்கே ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வை, ஆறு தெரிந்தால் விருந்தாளிகள் கூடுவார்கள் என்று படம் போட்டு அனுப்பினாய். கொத்தனார் ஜித்பகதூர் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தீதி, பையன் வடக்கு தெற்கு மாத்திப் போட்டுட்டான் போல, குளிர்ல கை நடுங்கியிருக்கும்" என்றார். உன் அப்பா விடவில்லை. "என் பையன் மாத்திப் போட மாட்டான், அவன் சொன்ன எடத்துல வை" என்று நின்றார். முதல் கண்ணாடி வைத்த மாதமே போய்விட்டது. இரண்டாவது பாதி நாள் தாங்கியது. இப்போது மரக்கதவு போட்டிருக்கிறோம்.

நீ போனமுறை வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாயே, நம் ஆறு, இந்தக் காளி கண்டகி, மலைகளுக்கு மூத்தவள் என்று, அதை நான் நம்பவில்லை, இவன் அம்மாவை ஏய்க்கிறான் என்று பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மலை எழும்புவதற்கு முன்பே இவள் இங்கே ஓடிக்கொண்டிருந்தாளாம், மலை ஒரு விரற்கடை உயர்ந்தால் இவள் ஒரு விரற்கடை அறுத்தாளாம், மலையும் விடவில்லை இவளும் விடவில்லையாம், அதனால்தான் தௌலகிரி அந்தப் பக்கமும் அன்னபூர்ணா இந்தப் பக்கமும் விலகி நிற்கின்றனவாம். அதற்கும் முன்னால் இங்கே கடல் கிடந்ததாம், படுகையில் கிடைக்கும் கறுப்புக் கல்லுக்குள் சுருண்டிருப்பது அந்தக் கடலின் நத்தையாம். கடல் இருந்த ஊர் என்கிறாய், ஒரு துண்டு மீனுக்கு போக்ராவுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. சரி, எல்லாம் நீ சொன்னபடியே இருக்கட்டும். இப்படி இரண்டு பெரிய மலைகளை அறுத்துத் தனக்கு வழி பண்ணிக்கொண்டவள், அந்த வழியிலேதானே காற்றையும் கூட்டி வருகிறாள்? அவளுக்கு உன் கண்ணாடி எம்மாத்திரம்? இத்தனையும் தெரிந்த நீ இதை ஏனடா யோசிக்கவில்லை என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

கண்ணாடி போனது போகட்டும், கண்ணுக்கு வருகிறேன். அப்பாவின் இடது கண்ணில் புரை எடுத்தது உனக்குத் தெரியும். "தூசி படவே கூடாது, சிவந்தா ஒடனே வரணும், இன்னொரு தடவ சீழ் வச்சா பார்வைக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், இவரைப் பார்த்துச் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது போல. அந்த இன்னொரு தடவை என்ற சொல்லைக் கவனி. போன மாதம் ஒருமுறை சீழ் வைத்து, உன் அக்கா போக்ராவில் அவரைப் படுக்க வைத்து மருந்து ஊற்றினாள். போனில் உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் டாக்டர் போடச் சொன்ன கறுப்புக் கண்ணாடியை உடைத்துப் போடுவேன் என்று மிரட்டினார். திரும்பி வந்தவர் என்ன செய்கிறார் தெரியுமா. காலையில் காற்று இல்லாதபோது ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு கணப்பருகே தூங்குகிறார். காற்று எழும்பியதும் போய்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்துகொள்கிறார். பருப்பில் மணல், ஊறுகாயில் மணல், முக்திநாத் போகும் யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டால் பல்லில் நறநறவென்கிறது. "இது என்னம்மா, உங்க ஊரு மசாலாவா" என்று ஒருவர் கேட்டுவிட்டார். கேலி பண்ணுவது என் வேலை, என் அடுப்படியிலேயே என்னைக் கேலி பண்ண வைத்துவிட்டார் உன் அப்பா. ஜன்னலை அடைத்துச் சுவர் எழுப்பக் கல் கொண்டுவந்து போட்டு ஜித்பகதூரைக் கூப்பிட்டேன். "லலித் சொல்லட்டும், அப்புறம் கல்லு வை" என்று அந்தக் கல் குவியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கொத்தனார், "தீதி, கல்ல வைக்கலாம், மேல உக்காந்திருக்கிற தாஜுவ எடுக்க முடியாது" என்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆற்று அழகைப் பார்க்கிறார் என்றுதான் நானும் திட்டிக்கொண்டிருந்தேன். அறுபது வருஷம் பார்த்த ஆறு, புதுக் கண்ணுக்குப் புதிதாகத் தெரிகிறதாக்கும் என்று கிண்டல்கூடச் செய்தேன். முந்தாநாள்தான் எனக்கு விளங்கியது. ஜன்னலுக்கு நேரே லார்ஜுங் பக்கமிருந்து படுகையோரம் ஏறி வரும் சாலை தெரியும். போக்ராவில் விடிகாலை கிளம்பும் வண்டி நம்மிடம் வந்து சேர மத்தியானம் தாண்டும், சரியாகக் காற்று வெறி பிடித்திருக்கும் நேரம். தூரத்தில் தூசி கிளம்பினால் அப்பா எழுந்து நிற்கிறார், வண்டி நிற்காமல் ஜோம்சோம் பக்கம் போனால் உட்கார்கிறார். முந்தாநாள் வண்டி நின்றது, நீலக் குளிர்ச்சட்டை போட்ட ஒருவன் பையோடு இறங்கினான். இவர் டீயை வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் போடாமல் வாசலுக்கு ஓடினார். பார்த்தால் தெற்கே கடலோரத்திலிருந்து வந்த யாத்திரைக்காரன், கறுப்புக் கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அந்தக் காற்றில் நின்று அவனுக்கு வழி சொல்லிவிட்டு வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்தார். நான் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "அந்தப் படம் அனுப்பும்போது என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா, அப்பா இந்த ஜன்னலத் தொறந்தே வைங்க, மழை முடிஞ்சதும் நான் வர்றத அங்கிருந்தே பாக்கலாம்னு சொன்னான்ல" என்றார்.

நீ அதை விளையாட்டாகச் சொன்னாய், எனக்குத் தெரியும். சொல்லி மூன்று மழை முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் போனில் "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்கிறாய். நீ பார்க்கலாம் என்கிறாய், இங்கே ஒருவர் உண்மையாகவே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் வேலையும் விடுப்பும் எனக்குப் புரியாமல் இல்லை, வரவில்லை என்பதற்காக நான் கோபப்படவில்லை. வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல் தொங்கலில் விட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கோபமெல்லாம். வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது. இரண்டு நாள் கழுதைகளிடம் சண்டை போடுவார், மூன்றாம் நாள் தானே கதவைச் சாத்துவார், அவரை எனக்குத் தெரியாதா. வருவதாக இருந்தால் எந்த மாதம் என்று எழுது, அதுவரை சாத்தி வைக்கச் சொல்லலாம். இரண்டும் இல்லாமல் பார்க்கலாம் என்று எழுதினால் நானே ஜப்பானுக்கு வந்து உன் ஜன்னலில் மணல் கொட்டுவேன்.

மற்றபடி அக்காவின் பெரியவள் பள்ளியில் முதலாவதாக வந்தாள், புத்தி நம் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஆப்பிள் இந்த வருஷம் சிறிது, இனிப்பு அதிகம். நீ குளிரில் தலையை மூடாமல் திரியாதே. பழைய செருப்பை இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் தூக்கி எறி.

மலையை அறுத்து வந்த காளி கண்டகித் தாய் உன்னையும் எல்லாவற்றையும் கடக்க வைக்கட்டும். நல்ல பெயரோடு, நிறைந்த வயிறோடு இரு. வருவதானால் முந்தின இரவு கீழே காலோபானியில் தங்கிவிட்டு மறுநாள் விடிகாலையில் வந்து சேர், மத்தியானம் வந்தால் உன்னைப் பார்ப்பதற்குள் அவர் கண்ணில் மண் விழும்.

பதிலை எனக்குப் போடாதே, அப்பா பெயருக்குப் போடு. எழுத்தைப் பெரிது பெரிதாக எழுது, என்னைப் படிக்கச் சொல்லாமல் அவரே படிக்கட்டும்.

உன் மேல் கோபமாகவே இருக்கும்,
அம்மா
இந்திரகுமாரி