சாப்பாட்டுக்கு முன், நாலு திருகாணி

மார்ச் 3, செவ்வாய்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கூண்டுகளின் தலையிலும் அடியிலும் குந்தியே காலம் தள்ளியவள். கால் எவ்வளவுதான் தாங்கும்? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் இருக்கச் சம்மதித்திருக்கிறாள். அதுவே அதிசயம். தனியாக வாழ்ந்து பழகியவள். படியில் கை கொடுத்தால்கூட உதறிவிட்டு ஏறுகிற ஆள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குளியலறையிலதான் எல்லாரும் விழறாங்க. இந்த ஆறு வாரத்துக்குள்ள விழுந்தா மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். ஒரு கைப்பிடிக் கம்பி மாட்டிடுங்க."

போனில் அக்காவிடம் சொன்னேன். "ஆளையெல்லாம் கூப்பிடாதே, நான் வந்து மாட்டிக்கறேன்" என்றாள்.

"முட்டியை அறுத்துக்கிட்டு வந்தா?"

"பின்ன, நீயா மாட்டப் போறே குட்டி?" என்று ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே! எனக்கு நாற்பத்தாறு வயது. மருந்துக் கடையில் நாலு பேர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். அவளுக்கு நான் இன்னும் குட்டி. "ஆமா, நான்தான் மாட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான், இதுவரை ஒரு திருகாணிகூட முறுக்கியதில்லை என்று உறைத்தது.

மார்ச் 4, புதன்

அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். இந்த வீட்டுக்கு வந்தபோது அக்கா கொடுத்த பேட்டரித் திருப்புளி. நாலு வருடமாகப் பிரிக்கவே இல்லை. அவள் வரும்போதெல்லாம் அதைத் தூசி தட்டிக் கண்ணில் படும்படி வைப்பேன், போனதும் மேலே ஏற்றிவிடுவேன்.

விசையை அழுத்தினேன். சத்தமில்லை. சார்ஜில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

இரண்டு நாள் சார்ஜில் கிடந்தும் அசைவில்லை. ஊமைக் கோட்டான் போல உட்கார்ந்திருந்தது. பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய், "நாலு வருஷத்துல செத்துப் போகுதுன்னா என்ன சாமான் இது?" என்று கடைக்காரரிடம் ஒரு பிடி பிடித்தேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். விசைக்கு மேலே இருந்த சின்னப் பொத்தானைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். விர்ர் என்றது.

"நடுவுல நின்னா பூட்டு, மேடம். தெரியாம விரல் பட்டாலும் சுத்தக் கூடாதுன்னு. இந்தப் பக்கம் தள்ளினா இறுக்கும், அந்தப் பக்கம்னா கழட்டும். உள்ள புக்கு இருக்குமே, படிக்கலையா?"

முகத்தில் அசடு வழிந்தது. அவர் அதோடு விட்டாரா? "போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்கறப்ப, சீட்டைப் படிக்காம எப்படிச் சாப்பிட்டீங்கன்னு என்னை அந்தக் காய்ச்சு காய்ச்சினீங்க" என்றார், கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

மார்ச் 7, சனி

புத்தகத்தைப் படித்தேன். முழுக்க, எழுத்தெண்ணி. மருந்துச் சீட்டு மாதிரியேதான் இருக்கிறது: யார் தொடலாம், யார் தொடக் கூடாது, எங்கே வைக்க வேண்டும், என்ன ஆனால் நிறுத்த வேண்டும்.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். கடையிலிருந்து லேபிள் சுருள் ஒன்று எடுத்து வந்து எழுதினேன்.

"முனை மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றவும்."
"கண்ணாடி அணிந்த பின் உபயோகிக்கவும்."
"குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." (வீட்டில் குழந்தை கிடையாது. கணவர் உண்டு.)

மூன்றையும் இயந்திரத்தின் உடம்பில் வரிசையாக, சுருக்கமில்லாமல் ஒட்டினேன். அவர் வந்து பார்த்தார். பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர். எதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "சாப்பாட்டுக்கு முன்னா பின்னான்னு போடலையே?" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

பழைய அலமாரிப் பலகையில் பயிற்சி. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாததால் அவருடைய நீச்சல் கண்ணாடி. முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டேன், தொங்கினால் சுற்றிக்கொள்ளுமாம். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். கதவு மெல்லிசு. எல்லாம் கேட்டது.

முதல் திருகாணி: திருப்புளியின் முனை சின்னது, திருகாணியின் தலை பெரியது. கரகரவென்று தலையை மென்று தின்றுவிட்டது.

இரண்டாவது: கழுத்து வளையத்தில் இருந்த பெரிய எண்ணில் வைத்தேன். அது எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கான எண். திருகாணி பலகைக்குள் முழுகிப் போய்விட்டது, தலையைக் காணோம்.

மூன்றாவது: சின்னக் கட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் அழுத்தினேன். வழுக்கியது. விரலில் குத்தியது. கட்டையைக் கையில் பிடிக்காதே, எதிலாவது இறுக்கி வை என்று பதினொன்றாம் பக்கத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

விரலுக்கு மருந்து நானே போட்டுக்கொண்டேன். அந்த ஒரு வேலை மட்டும் இன்றைக்கு ஒழுங்காக நடந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பாதி மயக்கத்திலேயே நர்ஸின் கையை உதறினாளாம். அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

மாட்டிவிட்டேன்!!

குளியலறைச் சுவர் பலகைச் சுவர்தான், மேலே வழவழப்புப் பூச்சு. பெரிய சிரமமில்லை. கம்பியைப் படுக்கை வாட்டில் வைத்து, கோடு போட்டு, நாலு திருகாணி. வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கின. தள்ளி நின்று பார்த்தேன், கிட்டே நின்று பார்த்தேன். குளிக்கப் போகிற சாக்கில் இன்னொரு தரமும் பார்த்தேன்.

இயந்திரம் மட்டும் கொதிக்கிறது. லேசாகக் கருகின வாடை. ஈரத் துணியால் துடைத்து வைத்தேன்.

மார்ச் 14, சனி

நாளைக்கு அக்கா வருகிறாள், எதற்கும் ஒரு தரம் என் எடையைப் போட்டுப் பார்ப்போம் என்று கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு விநாடி தாங்கியது. அப்புறம் நாலு திருகாணியும் சேர்ந்தாற்போல் பிடுங்கிக்கொண்டன. கம்பியும் நானும் வாளிக்குள். வாளி உடைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் ஓடி வந்து தூக்கப் பார்த்தார். எழுந்திருக்கவே தோணலை. அங்கேயே தண்ணியில உக்காந்து அழுதேன். அவளா இருந்திருந்தா? வெட்டித் தைச்ச காலோட இதை நம்பிப் பிடிச்சிருந்தா? வெண்ணெய் மாதிரி இறங்குச்சாம்ல வெண்ணெய் மாதிரி! மரத்துல எப்படிடி வெண்ணெய் மாதிரி இறங்கும்? அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லணும்னு வந்த வீம்புதானே எல்லாம்?

அவர் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். டொம், டொம், டொம். "இங்க பின்னாடி ஒண்ணுமே இல்ல, வெறும் பலகை" என்றார். இன்னும் நாலு விரல் தள்ளித் தட்டினார். டக். "இங்க மரச் சட்டம் ஓடுது. உள்ள என்ன இருக்குன்னு பாக்காம நீ மேப்புல கோடு போட்டிருக்கே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 15, ஞாயிறு, மதியம்

காலையிலிருந்து இருவரும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தோம். சட்டம் மேலிருந்து கீழே எங்கே ஓடுகிறதென்று பென்சிலால் குறித்தோம். குழாய்ப் பக்கம் போகவில்லை. பலகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் இருக்கும். கம்பியை இந்த முறை நெட்டுக் குத்தலாக, மரத்தின் மேலேயே. ஹார்டுவேர்காரர் கொடுத்த நீளத் திருகாணிகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் மெல்லிய துளை, பிறகு திருகாணி. வெண்ணெய் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முனகிக்கொண்டு இறங்கின.

மூன்றாவது முடிந்ததும் இயந்திரம் சூடேறி நின்றுபோனது. நாலாவதைக் கைத் திருப்புளியால், மூச்சு முட்ட, நானே.

நான் தொங்கினேன். அவர் தொங்கினார். பிறகு இருவரும் சேர்ந்து தொங்கினோம். திருமணமாகி இருபது வருடத்தில் இப்படி ஒரு கோலத்தில் நின்றதில்லை. கம்பி அசையவில்லை.

நாலு மணிக்கு வண்டி வருகிறது.

மார்ச் 16, திங்கள்

அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு குளியலறை வாசலில் நின்று பார்த்தாள். கம்பியை இல்லை. பக்கத்தில் இருந்த நாலு ஓட்டைகளை.

"இது என்ன?"

"முதல் தரம் போட்டது."

"ம்" என்றாள். அந்த "ம்" ஒரு முழம் இருந்தது.

குளிக்கும்போது என்னை உள்ளே விடவில்லை. தாழ்ப்பாள் போடாதே என்று மட்டும் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். வெளியே கதவில் காதை வைத்து நின்றேன். "கம்பியைப் பிடிச்சுக்கோ!" என்றேன். "நான் என்ன கிழவியா?" என்று பதில் வந்தது.

மார்ச் 18, புதன்

கம்பியில் துண்டு தொங்குகிறது! "துண்டு போட நல்ல இடம்" என்கிறாள். அவள் குளித்த பிறகும் கம்பி பூராவும் காய்ந்து கிடக்கிறது, ஒரு விரல் ஈரம்கூட இல்லை. இரண்டு பேர் தொங்கிச் சோதித்த கம்பி, ஒரு துண்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 21, சனி

"அந்த மெஷினை எடு, பாக்கலாம்" என்றாள். குட்டு வெளிப்படும் என்று தெரிந்தேதான் எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் பேட்டரியைக் கழற்றினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் லேபிள்களை உரக்கப் படித்தாள். பிறகு நகத்தால் ஒன்றை உரித்தாள். அடியில் வரிசையாகக் கோடு கோடாய் ஓட்டைகள்.

"இது மூச்சு விடற வழி, குட்டி. இதுமேல எழுதி ஒட்டியிருக்கே. கண்ணாடி போடு, அதைப் பண்ணு இதைப் பண்ணுன்னு சொல்லி மூக்கைப் பொத்தியிருக்கே."

அதனால்தான் கொதித்திருக்கிறது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் என்றிருந்தது. இன்னும் இருந்தது: பேட்டரியை வெயில் அடிக்கிற ஜன்னலில் வைத்திருக்கிறேனாம், ஈரத் துணி ஆகவே ஆகாதாம். பழைய பல் துலக்கும் பிரஷைக் காய வைத்து எடுத்துக்கொண்டு தூசியைத் தட்டினாள். மடியில் குழந்தையை வைத்துக் காது குடைகிற மாதிரி அவ்வளவு பதவிசு.

நான் எழுந்து போகும்போது சொன்னாள்: "கீழ இருக்கற வலது பக்கத்து ஸ்க்ரூ கையால போட்டதுதானே? நாலுல அதுதான் நேரா இருக்கு."

அப்படியானால் கம்பியைப் பார்த்திருக்கிறாள். அதுவும் கிட்டே குனிந்து.

மார்ச் 27, வெள்ளி

பகல் பதினோரு மணி. கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"அக்கா?"

கதவைத் தள்ளினேன்.

துண்டு தரையில். சோப்பு ஒரு மூலையில். உட்கார்ந்து குளிக்கிற ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழு எடையும் அதில்தான். முகம் வெளுத்திருந்தது. நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். "தொடாதே, தொடாதே, இரு" என்றாள். நீட்டின கையோடு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரமோ. நாலு திருகாணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, சாமி சாமின்னு சொல்லிக்கிட்டு.

அவள் மெதுவாகக் காலை ஊன்றினாள். "தாங்குச்சு" என்றாள்.

சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். சத்தம் கேக்கக் கூடாதுன்னு. தாங்குச்சு. தாங்குச்சு.

ஏப்ரல் 2, வியாழன்

கம்பி ஈரமாக இருக்கிறது. துண்டு பழைய கொக்கிக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 11, சனி

வீட்டில் ஆடுகிற கதவு, தொங்குகிற கொக்கி எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டன. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் காட்டுகிறாள், நான் முறுக்குகிறேன். அவள் சொன்னது பாதி, நான் எதிர்த்துப் பேசியது பாதி. கதவு நேராக வந்தது என் யோசனையில்தான். அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பழைய சூட்கேஸ், குடை, பள்ளிக்கூட உலக உருண்டை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்.

ஏப்ரல் 24, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, கால் பிரமாதம் என்றார்.

காரில் ஏறும்போது பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். அவள் தன் பையை அதில் மாட்டிவிட்டு, தானே ஏறிக்கொண்டாள். மாறவே மாட்டாள் என்று சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன். வீடு வெறிச்சென்று இருந்தது.

சாயங்காலம் திருப்புளியைப் பெட்டியில் எடுத்து வைக்கப் போனேன். பேட்டரி தனியாக, நிழலில், காய்ந்த துணியில் சுற்றி இருந்தது. இயந்திரத்தின் பிடியில், மூச்சு விடுகிற வழிக்கு நன்றாகத் தள்ளி, என்னுடைய மருந்து லேபிள் ஒன்று. எழுத்து அக்காவுடையது.

"பெயர்: அக்கா.
மருந்து: கைப்பிடிக் கம்பி, ஒன்று.
அளவு: திருகாணி நாலு. நாலும் மரத்தில்.
வேளை: ஞாயிறு காலை, என் வீட்டில். சாப்பாட்டுக்கு முன்."

பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.