பச்சை வலையும் அழிந்த காடும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நம் நாற்றங்காலைக் காடு என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் போட்டு, பிறகு அந்தக் காட்டை நான் அழித்துவிட்டதாகவும் போட்டுவிட்டார்கள். மரக்கன்று வாங்கும் கம்பெனி ஆர்டரை நிறுத்திவிட்டது. மரக்கன்று விற்கிறவன் காட்டை அழித்தவனாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கிழிந்த பச்சை நிழல்வலையைக் கழற்றினோம், அவ்வளவுதான் நடந்தது. வலையும் அடியிலிருந்த கன்றுகளும் சேர்ந்து செயற்கைக்கோளுக்குக் காடாகத் தெரிந்திருக்கின்றன. வலை போனதும் காடும் போய்விட்டது.

அந்த வரைபடம் சரியா தப்பா என்று பார்ப்பதே உன் வேலை என்பதால்தான் போன் செய்தேன். நீ, "படம் நூத்துக்குத் தொண்ணூறு சரிப்பா" என்றாய். மிச்சப் பத்தில் மாட்டிக்கொண்டு நான் முழிக்கிறேன். படத்தைச் சரிபார்க்க நீங்கள் அங்கங்கே எடுக்கும் மாதிரிப் புள்ளிகளில் நம் இடத்தையும் சேர்த்துவிடு என்றதற்கு, "புள்ளி குலுக்கல் மாதிரி தானா விழணும்ப்பா. வேண்டிய எடத்த நானே பொறுக்கிப் போட்டா மொத்தக் கணக்கும் பொய்யாயிடும்" என்றாய். பெற்ற அப்பனுக்கு ஒரு புள்ளி வைக்க முடியாத வேலை என்ன வேலை என்று கத்தினேன். அதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. உன் அம்மாவும் அளந்துதான் பேசுகிறாள்.

நேற்று விதை மூட்டை வந்தது. கொண்டுவந்தவர் தரம் பார்க்கச் சொல்லி மேலாக ஒரு பிடி அள்ளி நீட்டினார். "உங்க கையால வேணாம், நானே எடுத்துக்கறேன்" என்று பார்க்காமல் மூட்டைக்குள் கையை விட்டேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா, "உங்க பொண்ணும் அதத்தானே சொன்னா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எரிச்சல்தான் வந்தது.

இன்று கம்பெனி மேலாளரை நேரில் பார்த்தேன். "உங்க பொண்ணு அந்த வேலையிலதானே இருக்காங்க? வரைபடம் தப்புன்னு அவங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா நாளைக்கே லாரி அனுப்பறேன்" என்றார். அவள் கையெழுத்து என் வியாபாரத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டேன். பிறகு இப்படி முடிந்தது: நமக்கு உறவில்லாத ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், செலவு என்னுடையது, காடு எதுவும் அழியவில்லை என்று அவர் சொன்னால் கம்பெனி கன்றுகளை எடுத்துக்கொள்ளும், தாமதத்துக்காக விலையில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பகல் கொள்ளை. ஒப்புக்கொண்டேன்.

உன்னிடமும் ஒரு பேரம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய். வரைபடத்தைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன். முதலில் அம்மாவிடம் பேசு, மிச்ச நேரம் எனக்குப் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா