கழுத்தைத் தொடாத வில்லன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு உங்களால் பேச முடியவில்லை என்று அண்ணி சொன்னார். அதனால் நானே பேசுகிறேன்.

எண்பதுகளில் பழிவாங்கும் படமென்றால் வில்லன் நீங்கள்தான். அப்பாவைக் கொன்ற உங்களைத் தேடி வரும் பள்ளி மாணவியாக நடித்தபோது எனக்குப் பதினாறு வயது. "நிஜமாவே கழுத்தை நெரிங்க, அப்பதான் முகத்துல பயம் வரும்," என்றார் இயக்குநர். பக்கத்தில் நின்ற என் அம்மாகூட வாய் திறக்கவில்லை.

நீங்கள்தான் சொன்னீர்கள்: "பயம் காட்டுறது என் வேலை சார். பிள்ளை மேல கை படாது."

விரல்களை நூலிழை தள்ளி வைத்துக்கொண்டு என்னை முறைத்தீர்கள். அந்தப் பார்வைக்கே தியேட்டர் அலறியது.

மறுநாள் நான் பயமில்லாமல் படப்பிடிப்புக்கு வந்தேன். இன்றுவரை வந்துகொண்டிருக்கிறேன், அண்ணா.

இப்படிக்கு,
படத்தில் உங்களைக் கொன்ற தங்கை