நீங்கள் வளர்த்த பிள்ளை

துவைக்கப் போடுவதற்காக இனியாவின் சட்டையைக் கையில் எடுத்தேன். அதில் நாய்க்குட்டி வாசனை அடித்தது. புளித்த பாலும் ஈரத்துணியும் பிஸ்கட் தூளும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. வளர்ந்த நாய்க்கு அது கிடையாது. குட்டியாக இருக்கும் சில வாரங்களுக்குத்தான். சட்டையை மெஷினில் போடாமல் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்ததும் உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

கீழ்வீட்டுக் காக்கு ஒரு குட்டி வாங்கியிருக்கிறார். காக்குவை உங்களுக்கு நினைவிருக்கும். நாம் ஔந்தில் குடிவந்த அன்று, சாமான் இறக்கி முடிப்பதற்குள் ஒரு தட்டு அவல் போஹாவோடு வாசலில் வந்து நின்ற மராத்தி அம்மாள். பள்ளிக்கூடம் விட்டதும் இனியா இப்போது அங்கேதான் இருக்கிறாள்.

இனியா யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் மகள். ஏழு வயதாகிறது. உங்கள் நெற்றி, உங்கள் பிடிவாதம். நீங்கள் அவளைப் பார்த்ததே இல்லை.

நீங்கள் பார்த்ததும் வளர்த்ததும் பட்டாணியைத்தான்.

அது வந்த நாள் நல்ல மழை. கல்யாணமாகி நமக்கு இரண்டாவது வருஷம். சாகண் தொழிற்சாலையிலிருந்து நனைந்துகொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றீர்கள். "சுதா, முதல்ல பாரு. அப்புறம் கோவப்படு" என்று சொல்லி டிபன் பையைத் தரையில் வைத்தீர்கள். பைக்குள்ளிருந்து உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒன்று தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. நாலடி நடந்து, நான் அன்றுதான் துடைத்திருந்த தரையில் மூத்திரம் பெய்தது. தொழிற்சாலை வாசலில் டீக்கடைப் பலகைக்கு அடியில் தனியாகக் கிடந்ததாம். "மூக்கப் பாரேன், பட்டாணி மாதிரியே இல்ல?" என்று கேட்டீர்கள். பெயர் அப்போதே விழுந்துவிட்டது. காக்குவின் வாயில் மட்டும் கடைசிவரை அது 'பத்தானி'தான்.

எனக்கு அதில் இஷ்டமே இல்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும், சாயங்காலம் பேப்பர் திருத்த வேண்டும், இதில் இது வேறு. ஆனால் அதன் வேலை எதையும் நீங்கள் என் தலையில் கட்டவில்லை. முதல் ஷிஃப்ட் முடிந்து மதியமே வந்துவிடுவீர்கள். வந்ததும் குட்டிதான். பாலில் தண்ணீர் எவ்வளவு, சோற்றை எவ்வளவு குழைப்பது, தடுப்பூசி எப்போது என்று எல்லாமே உங்களுக்கு அத்துப்படி. ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது போன் செய்தீர்கள்.

"சுதா, இன்னைக்குக் கெட்டியா போயிருக்கான்!"

"ஏங்க, ஸ்கூல்ல இருக்கேன்."

"தெரியும். ஒரு நல்ல விஷயத்த உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?"

அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன். பிற்பாடு இனியாவுக்கு ஒரு வாரம் வயிறு சரியில்லாமல் இருந்து ஒருவழியாகச் சரியானபோது, அந்த டயப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த நல்ல விஷயத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். பல பேர் என்னிடம் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரி இடத்தில்தான் நீங்கள் இல்லை என்பது யாருக்குப் புரியும்?

வந்த புதிதில் குட்டி ஓயாமல் கத்தியது. நீங்கள் அலமாரியிலிருந்து பழைய அலாரக் கடிகாரத்தைத் தேடி எடுத்து, துண்டில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தீர்கள். "டிக் டிக்குன்னு கேட்டா அம்மா நெஞ்சுன்னு நினைச்சுக்கும்" என்றீர்கள். நான் சிரித்தேன். குட்டி அந்தத் துண்டின்மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. நீங்களும் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துத் தூங்கிவிட்டீர்கள். "பெத்த பிள்ளை மாதிரி தாங்குறீங்க" என்று நான் சொன்னதற்கு, "பிள்ளை வரட்டும், அப்பப் பாரு. இதெல்லாம் கை பழகுறதுக்கு" என்றீர்கள்.

கை நன்றாகத்தான் பழகியது. பல் முளைக்கும்போது அது சோபாவின் காலையும் உங்கள் பெல்ட்டையும் கடித்துத் தீர்த்தது. நீங்கள் கேரட்டை ஃப்ரிட்ஜில் வைத்து ஜில்லென்று எடுத்துக் கொடுத்தீர்கள். ஒருநாள் எட்டாம் வகுப்புக் கணக்குப் பேப்பர்களை அது கிழித்துப் போட்டபோது நான் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அலுவலகத்தில் பேசுகிற குரலில், "இது நம்ம வேலை இல்ல ராஜா. டீச்சர் வேலை. நமக்கு வேண்டாம்" என்று சொன்னீர்கள். அது காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டது. இனியா சுவரெல்லாம் கிரேயானால் கிறுக்கிய அன்று, நானும் அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "இது நம்ம வேலை இல்ல ராஜா" என்றேன். அவள் கிரேயானைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் துடைத்தாள்.

நான் உண்டாகியிருப்பதை நீங்கள் ஊருக்குப் போன் செய்து சொல்வதற்கு முன்னால் பட்டாணியிடம்தான் சொன்னீர்கள். "டேய், அண்ணன் ஆகப்போற. இனிமே பெல்ட்டெல்லாம் கடிக்கக் கூடாது." அதற்கு அப்போது ஆறேழு மாதம் இருக்கும். வாலை ஆட்டியது. நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குளிர் முடியும் சமயம், சாகண் சாலையில் ஒரு லாரி. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம். எனக்கு ஐந்தாவது மாதம்.

மதுரையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். உங்கள் அண்ணன் நல்ல மனுஷர், எனக்காகத்தான் சொன்னார். "நீ தனியா இருக்க முடியாதும்மா, ஊருக்கு வந்துரு. இந்த நாய ரஞ்சன்காவ்ல என் சிநேகிதன் ஒருத்தன் வெச்சுக்கிறேங்கிறான், எடமெல்லாம் இருக்கு. பச்சைப்பிள்ளை வரப்போற வீட்டுல நாய் எதுக்கு?" என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். ஒரு பிரம்புக் கூடைகூடத் தயாராக வந்துவிட்டது. கூடையைப் பார்த்ததும் பட்டாணி என் புடவைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. அதுவரை அது ஒருநாளும் என்னிடம் அடைக்கலம் தேடி வந்ததில்லை. உங்களிடம்தான் போகும்.

"அவரு கையால வளத்தது, மாமா. அது இங்கதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்" என்றேன். அத்தனை பேர் நடுவில் நான் குரல் உயர்த்திப் பேசியது அன்றுதான். என் வேலை இங்கே இருந்தது, நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிடித்த வீடு இங்கே இருந்தது. அம்மா சில வருஷம் என்னோடு தங்கினாள். அண்ணன் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து இனியாவைக் கொண்டுவந்த அன்று அம்மா நாய்க்குப் பயந்து என்னை ஒட்டியே நின்றாள். பட்டாணி மெதுவாக வந்து, துணிக்கு வெளியே தெரிந்த அவள் பாதத்தை முகர்ந்தது. பிறகு தொட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அம்மாவே, "பட்டாணி, நான் குளிச்சுட்டு வரேன், பாப்பா எந்திரிச்சா கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு வந்துவிட்டாள். அதுவும் கூப்பிட்டது.

குட்டி வளர்ப்பதும் குழந்தை வளர்ப்பதும் ஒன்றா என்று நீங்கள் இருந்திருந்தால் நாம் தினமும் சண்டை போட்டிருப்போம். பாதி ஒன்றுதான். இரண்டுக்கும் பசியும் பயமும் ஒரே அழுகைதான். இரண்டும் நாம் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். எதையும் வாயில் போட்டுத்தான் தெரிந்துகொள்ளும். ஜில்லென்ற கேரட் இரண்டுக்குமே ஆகிறது. ஆனால் குட்டிக்கு வைத்த கடிகாரம் குழந்தைக்குத் தேவைப்படவில்லை; என் நெஞ்சு இருந்தது. உங்கள் குட்டி ஒரு வருஷத்துக்குள் ஆளாகி நின்றுவிட்டது. இவளுக்குக் கழுத்து நிற்கவே மூன்று மாதமாயிற்று. இன்னொரு வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் எங்கே போனீர்கள் என்று பட்டாணி கேட்கவில்லை. இவள் கேட்டாள்.

நாலு வயதில், பால்வாடித் தோழியின் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு அப்பா கைஸா இருந்தார்?" என்று கேட்டாள். தமிழ் வீட்டில் மட்டும்தானே அவளுக்கு. 'எப்படி' என்பதற்குப் பதில் இந்தி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். என்ன சொல்வேன்? உன்னை இப்படித் தூக்கினார், உனக்கு இதை ஊட்டினார் என்று சொல்ல என்னிடம் ஒன்றுகூட இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் பட்டாணிக் கதைகள்தான். அவற்றையே சொன்னேன். டிபன் பை, கடிகாரம், ஆசிரியர் அறைப் போன். கதையின் நாயகன் பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். காக்கு சொல்லிக் கொடுத்து வருஷா வருஷம் அவனுக்கு ராக்கிகூடக் கட்டினாள்.

போன மழைக்காலத்தில் பட்டாணி போய்விட்டது. சிறுநீரகம். தலை என் மடியில் இருந்தது, அவள் கை அதன் காதில் இருந்தது. உங்களை நேரில் கண்ட இன்னொரு ஜீவன் இந்த வீட்டில் இனி இல்லை என்று நினைத்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

காக்குவின் குட்டிக்குக் காய்ச்சல். அவர் பதறிப்போய் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நான் இறங்கிப் போவதற்குள் இனியா அங்கே இருந்தாள். கதவருகில் நான் செருப்பைக் கழற்றும்போது அவள் பேசுவது கேட்டது. இந்தியும் மராத்தியுமாகக் கலந்து, பெரிய மனுஷி மாதிரி காக்குவைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்க காக்கு. நான் பாப்பாவா இருந்தப்ப எனக்கும் காய்ச்சல் வந்துச்சு. சாப்பிடவே இல்ல. பயங்கர மழை. ஒரு ஆட்டோவும் வரல. எங்கப்பா என்னைத் தன்னோட சட்டைக்குள்ள வெச்சு, பட்டன் போட்டு, டாக்டர் வீடு வரைக்கும் நடந்தே போனார். அப்புறம் நாள் பூரா மடியில வெச்சு, சர்க்கரைத் தண்ணி ஸ்பூன் ஸ்பூனா குடுத்தார். நான் பொழைச்சுட்டேன்ல?"

காக்கு என்னைப் பார்த்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். உங்களுடைய கடைசிப் பயணத்தன்று என்னைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். இனியாவின் தலையைத் தடவி, "ஹோ பாளா" என்றார். ஆமாம் கண்ணே என்று அர்த்தம்.

அது பட்டாணியின் கதை. குட்டிக்கு வாந்தி நிற்காத அந்த ஆடி மழையில் நீங்கள் சட்டைக்குள் அதை வைத்து நடந்தபோது நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தேன். குடை உங்கள்மேல் நிற்கவே இல்லை. அந்தக் கதையை எத்தனையோ தடவை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அவள் அதற்குள் தன்னை வைத்துக்கொண்டுவிட்டாளோ என்று பயந்தேன். உண்மையைச் சொல்லித் திருத்த வேண்டுமா? திருத்தினால் அவளிடம் என்ன மிஞ்சும்?

மேலே வந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"அம்மா, அது பட்டாணின்னு எனக்கு மாலூம்."

"தெரியுமா? அப்புறம் ஏன் கண்ணா அப்படிச் சொன்ன?"

"அப்பா இருந்திருந்தா எனக்கும் அப்படித்தானே செஞ்சிருப்பார்?"

கணக்கு டீச்சர் நான். நடக்காத ஒன்றை நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் அதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செஞ்சிருப்பார். நான் கண்ணால பாத்தவ, சொல்றேன். செஞ்சிருப்பார்."

"எப்படி வெச்சிருந்தார்? காட்டு."

துப்பட்டாவை அவிழ்த்து அவளைச் சுற்றிப் போட்டு, முடிச்சிட்டு, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினேன். ஏழு வயதுப் பெண். கால் இரண்டும் என் முழங்காலுக்குக் கீழே தொங்கின. தலை தோளில் இடித்தது. ஹாலில் ஜன்னல்வரை நடந்தேன், திரும்பி வாசல்வரை நடந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

"கனமா இருக்கேனா?" என்று காதருகே கேட்டாள்.

"இல்ல" என்றேன். இன்னொரு நடை நடந்தேன்.